சொல்லும் பொருளும்: ‘ஷியர்’

கேள்வி: செம்மறியாட்டின் ரோமத்தை வெட்டுவதை ஆங்கிலத்தில் ‘ஷியர்’ என்கிறார்கள். பொறியியல் பாடத்திலும் ‘ஷியர் ஸ்ட்ரெஸ்’ வருகிறது. இரண்டும் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் ‘ஷெரன்’ என்றால் வெட்டுதல். ஜெர்மனில் இன்றும் ‘ஷேரன்’. இவற்றுக்கு மூலம் ‘ஸ்கெர்’ என்ற இந்தோ-ஐரோப்பிய வேர். வெட்டிக் குறைந்தது ‘ஷார்ட்’, வெட்டிப் பிரித்த பங்கு ‘ஷேர்’, கோலில் வெட்டிய கீறல் ‘ஸ்கோர்’. நம் ‘கத்தரி’கூட இந்தக் குடும்பம்தான். அது வடமொழிக் ‘கர்த்தரி’யிலிருந்து வந்தது, வெட்டுதல் என்னும் பொருள்கொண்ட அதன் வேரும் ‘ஸ்கெர்’ வழிப்பட்டதே. ஆக, ஷியரும் கத்தரியும் தூரத்துச் சொந்தம்.

பொறியியல் பொருளைப் புரிந்துகொள்ள ஒரு கத்தரியை மெதுவாக மூடிப் பாருங்கள். இரண்டு அலகும் நேருக்கு நேர் மோதுவதில்லை. ஒன்றையொன்று உரசியபடி எதிரெதிர்த் திசையில் கடந்து போகின்றன. நடுவில் உள்ள பொருளின் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் தள்ளப்பட்டு அறுகிறது. இப்படிப் பக்கவாட்டில் நழுவச் செய்யும் விசைக்குத்தான் அந்தப் பெயர். திருகாணி தளர்ந்து அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் ரோமம் அறுபடாது, மடங்கிச் சிக்கிக்கொள்ளும். அப்போது சாணை பிடித்துப் பயனில்லை. திருகாணியை முடுக்க வேண்டும். ஆட்டுக்கான பழைய கைக்கத்தரியில் திருகாணியே கிடையாது. பின்புறம் வில்லாக வளைந்த எஃகுதான் அலகுகளை விரித்துக் கொடுக்கும்.

கேள்வி: ரோமம் வெட்டுவதற்குத் தனித்தமிழ்ச் சொல் உண்டா? ‘மயிர் பறித்தல்’ எனலாமா?

பதில்: பறித்தல் கூடாது. அது வேரோடு பிடுங்குவது. ரோமம் வெட்டும்போது வேர் தோலிலேயே இருக்கும். தோலை ஒட்ட மழிப்பதும் வேறு வேலை. ‘கொய்தல்’ மிகப் பொருத்தமான சொல். பூக் கொய்வது, தினை கொய்வது மட்டுமல்ல, மயிரைக் கத்தரிப்பதும் அதன் பொருள்தான். அகநானூறு 4ஆம் பாட்டில் ‘கொய்சுவல் புரவி’ வருகிறது: பிடரிமயிர் கத்தரிக்கப்பட்ட குதிரை. அவ்வளவு பழைய ஆட்சி இருக்க, ‘மயிர் கொய்தல்’ என்று தயங்காமல் எழுதுங்கள்.

கொய்பவர்கள் அஞ்சுவது இரண்டாம் வெட்டுக்கு. முதலில் சற்று உயரமாக வெட்டிவிட்டு, எஞ்சியதை அதே இடத்தில் மறுபடி வெட்டினால் குட்டைத் துணுக்குகள் விழும். அவை நீள இழைகளோடு கலந்துவிட்டால், நூற்கும்போது நூலில் சிறுசிறு முடிச்சாகத் திரளும்.