வலிக்காத புண்ணை அப்படியே விடலாமா?

"புருலிப் புண் பல நாடுகளில் இருக்கிறதாமே, வலிக்காத புண் என்றால் விட்டுவிடலாமா?" என்று சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

விடவே கூடாது. புருலிப் புண்ணும் தொடக்கத்தில் வலிக்காது, ஆபத்தே அதில்தான். தோலுக்கடியில் சின்னக் கட்டியாகத் தொடங்கும். அப்புறம் உடைந்து, ஓரம் உள்ளே குடைந்துகொண்டு போகும். காசநோய்க் கிருமிக்கு உறவான மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ், மைக்கோலாக்டோன் என்ற நஞ்சைச் சுரந்து சதையை அழிக்கிறது, வலியையும் மறைக்கிறது.

1948-இல் ஆஸ்திரேலியாவில் இதை விவரித்தார்கள். பெயர் உகாண்டாவின் புருலி வட்டாரத்துடையது. இதுவரை குறைந்தது 33 நாடுகளில் பதிவாகியிருக்கிறது, மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கொசு பரப்புகிறது. ரிஃபாம்பிசின், கிளாரித்ரோமைசின் மாத்திரைகளை 8 வாரம் சாப்பிட வேண்டும்.

ஆனால் நம் தோட்டங்களில் காலில் வலியில்லாத புண் என்றால் முதலில் இனிப்புநீரைத்தான் (நீரிழிவு நோயை) சந்தேகிக்க வேண்டும். என் மாமா செம்பனை முள் குத்திய பாதத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு ஒரு மாதம் வேலைக்குப் போனார். பூட்ஸைக் கழற்றியபோது காலுறை சீழோடு ஒட்டியிருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இனிப்புநீர் இருந்தால் அன்றைக்கே கிளினிக்கில் காட்டுங்கள். இல்லாதவர்களும் இரண்டு வாரத்தைத் தாண்டவிடாதீர்கள்.