அப்டேட்டுக்குப் பிறகு லேப்டொப்பில் வைஃபை சில நாள் வருகிறது, சில நாள் பெயரே காட்டுவதில்லை. போனில் பிரச்சினை இல்லை. கடையில் வைஃபை கார்ட் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். சிக்னல் குறைகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெயரே காணவில்லை, அதே நேரம் போனில் வருகிறது என்கிறீர்கள். போன மாரியில் கல்லடியில் எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்தது.

நான் பின்னேரங்களில் சூமில் கணித வகுப்பு எடுக்கிறவன். ஒரு இரவு அப்டேட் ஏறியது. அடுத்த நாள் வகுப்புக்கு உட்கார்ந்தால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் பட்டியலில் நிற்கிறது, எங்களுடையது மட்டும் இல்லை. ரவுட்டரோ மேசைக்கு நேரே, எட்டினால் தொடும் தூரத்தில் மினுக்கிக்கொண்டிருக்கிறது. கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு குறையும் இல்லை! "கார்ட் லூஸாக இருக்கலாம்" என்று கழற்றிப் பூட்டித் தந்தார்கள். நாலு நாள் ஓடியது, ஐந்தாம் நாள் பழையபடி.

வழியைக் காட்டியது அம்மா. "கரண்ட் போய் வந்தாத்தான் மகன் உனக்கு இந்தக் கரைச்சல் வருது" என்றார். கொம்பியூட்டரைத் தொட்டே பார்க்காதவர் சொல்கிறாரே என்று முதலில் சிரித்தேன். வகுப்பு குழம்பிய நாட்களை யோசித்துப் பார்த்தால் எல்லாமே மின்சாரம் நின்று வந்த நாட்கள்.

விஷயம் இதுதான். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் 1 முதல் 13 வரை சனல்கள், அதாவது சிக்னல் ஓடும் பாதைகள், உண்டு. அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான் பாவிப்பார்கள். ரவுட்டரில் சனல் "ஓட்டோ" என்று இருந்தால், ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் நெரிசல் இல்லாத இடத்தைத் தேடும். பக்கத்து வீடுகள் 1, 6, 11 என்று பிடித்து வைத்திருந்தால், சில நாள் 13இல் போய்க் குந்திவிடும். அப்டேட்டோடு வந்த புது டிரைவர் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்) என் லேப்டொப்பை 11க்கு மேல் பார்க்க விடவில்லை. போன் சிம் வழியாக எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதால் அதற்கு 13உம் தெரிந்தது. ஆக, அப்டேட்டும் கரண்டும் சேர்ந்து செய்த வேலை. கார்ட் பாவம்.

உங்களுக்கும் இதுதானா என்று பார்ப்பது சுலபம். பெயர் காணாமல் போன நேரத்தில் போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து உங்கள் ரவுட்டர் எந்தச் சனலில் நிற்கிறது என்று பாருங்கள். 12 அல்லது 13 என்றால் ஆள் அகப்பட்டார். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து (சிலவற்றில் 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) உள்ளே போய், வயர்லெஸ் பகுதியில் ஓட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11இல் ஒன்றைப் போடுங்கள். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. எங்கள் வீட்டில் 6.

செயலி 6 என்றோ 11 என்றோ காட்டினால் வேறு கதை. அப்போது விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபை அடப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை நிறுத்தலாம் என்ற சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சில லேப்டொப்களில் அந்தப் பகுதியே இருக்காது. அதே அடப்டரின் டிரைவர் பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் அழுத்தக்கூடியதாக இருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். மங்கலாக இருந்தால் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, டெதரிங் (போனின் இணையத்தை லேப்டொப்புக்குக் கொடுக்கும் வசதி) போட்டு, லேப்டொப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' செய்து திறந்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாகப் பாதிதான் அணைந்திருக்கும். நெட்வேர்க் ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள், சேமித்து வைத்த பாஸ்வேர்டெல்லாம் போய்விடும்.

ஒன்று மட்டும். யாராவது வந்து ரவுட்டரை ரீசெட் செய்தால் சனல் திரும்ப ஓட்டோவுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் ரவுட்டரின் முதுகில் '6' என்று மார்க்கரால் பெரிதாக எழுதியிருக்கிறது. அதுவும் அம்மாவின் ஐடியாதான்.