கடன் தருமுன் பணம் கேட்கும் நிறுவனம்

கேள்வி: எங்கள் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்த முகவர் ஒருவர், வீடு கட்டக் கடன் தருவதாகவும், முதலில் 15,000 ரூபா கட்டி வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும் என்றும் கூறுகிறார். கம்பனிப் பதிவுச் சான்றிதழையும் காட்டினார். நம்பலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: பணம் கட்டாதீர்கள். கம்பனிப் பதிவு என்பது அப்படியொரு கம்பனி இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்படி, பொதுமக்களிடம் வைப்புப் பெற்றுக் கடன் வழங்கும் தொழிலுக்கு இலங்கை மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவற்றின் பட்டியலை அவ்வங்கி தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. பட்டியலில் உள்ள பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்துக்கொள்வோரும் உண்டு என்பதால், முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வங்கிகள் பெரிய வீட்டுக்கடனுக்கு வழக்கமாகக் காணி உறுதியை (நில உரிமைப் பத்திரத்தை) பிணையாகக் கேட்கும்; லயத்தில் வாழும் பெரும்பாலானோரிடம் அது இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், பணத்தை மட்டும் கேட்பவரின் அக்கறை உங்கள் வீட்டில் இல்லை என்றே தோன்றுகிறது. வெற்றுப் படிவமோ அதைவிட ஆபத்தானது: பின்னர் எந்தத் தொகையையும் அதில் நிரப்பலாம்.

சந்தேகமிருந்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழையுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிய அயலவர் இருந்தால், பற்றுச்சீட்டுடன் பொலிஸில் முறையிடச் சொல்லுங்கள்.