கொழும்பில் நான்கு நாள் விடுமுறை: கணவருக்குக் கசினோ, எனக்குச் சாப்பாடு. எப்படித் திட்டமிடலாம்?

கசினோவைச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைக்காதீர்கள். என் பதில் இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான விளக்கம்.

திருச்சியிலிருந்து திருமண நாளைக் கொண்டாட வருகிறோம், அவருக்கு ரூலட் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம்) ஆடிப் பார்க்க ஆசை, எனக்கு நல்ல சாப்பாடு வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு பணம் ஒதுக்குவது, எங்கே தங்குவது, கசினோவிலேயே இரவு உணவு இலவசம் என்கிறார்களே, அதுவே போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், சகோதரி. மற்றவற்றுக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது.

நான் கொழும்பின் வெள்ளவத்தையில் குடியிருப்பவள். பல ஆண்டுகள் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் வேலை செய்தவள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஓகஸ்ட் மாதத்தில் வந்து இறங்கும் உறவினர்களை ஊர் சுற்றிக் காட்டுவது எங்கள் வீட்டின் எழுதப்படாத கடமை. அவர்களில் பாதிப் பேருக்காவது கசினோவை ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும்.

கொழும்புக் கசினோக்கள் பலவற்றில், ஆடுபவர்களுக்கு புஃபே சாப்பாடும் மதுவும் இலவசமாகக் கிடைக்கின்றன. மேடையில் நடனமும் பாட்டும் உண்டு. தாராள மனம் என்று நினைத்துவிடாதீர்கள். மேசையில் இருப்பவர் எழுந்து போவதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு: பணம் தீரும், தூக்கம் வரும், பசி எடுக்கும். முதலாவது நடந்தால் அவர்களுக்கு வருத்தமில்லை. இரண்டாவதை அவர்களால் தடுக்க முடியாது. மூன்றாவதைத் தடுக்கத்தான் அந்த புஃபே. என் மச்சாளின் மகனும் மருமகளும் டொரொண்டோவிலிருந்து வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். ஒன்பது மணிக்குள் எழுந்துவிடுவோம், வெளியே போய்ச் சாப்பிடுவோம் என்று பேச்சு. எட்டரை மணிக்குக் கோட் அணிந்த ஒருவர் வந்து, சாப்பாடு தயார், சற்று நேரத்தில் நடனமும் தொடங்கிவிடும் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். மச்சாளின் மகன் ஒரு தட்டில் பிரியாணியை அள்ளிக்கொண்டு மீண்டும் மேசைக்கே போய்விட்டான். மருமகள் சோபாவில் உட்கார்ந்து தொலைபேசியில் சார்ஜ் தீரும் வரை படம் பார்த்தாள். அவர்கள் வெளியே வந்தபோது காலி (Galle) வீதியில் பால் வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன. அந்தப் பிரியாணிக்கு அவன் கொடுத்த விலையில் ஊரில் ஒரு சின்னக் கல்யாணத்துக்கே சாப்பாடு போட்டிருக்கலாம்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். மாலை ஐந்து மணிக்குக் கசினோவுக்குப் போங்கள். அந்த நேரத்தில் கூட்டம் குறைவு. பொதுவாகக் கூட்டம் ஏற ஏற மேசைகளின் குறைந்தபட்சப் பந்தயத்தையும் ஏற்றுவார்கள். முன்மாலையில் சிறு தொகைக்கு ஆடலாம், மேசையை நடத்தும் டீலரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். எட்டரை மணிக்கு நல்ல உணவகம் ஒன்றில் முன்கூட்டியே மேசை பதிவு செய்துவிடுங்கள். "இன்னும் ஒரு சுற்று" என்று அவர் சொல்லும்போது நீங்கள் முகத்தைத் தூக்கத் தேவையில்லை. "மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்" என்றால் போதும். மனைவி சொன்னால் எழாத மனிதர் நண்டுக்காக எழுந்துவிடுவார்.

நண்டு என்று சும்மா சொல்லவில்லை. கோட்டைப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தில் மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் என்ற நண்டு உணவகம் இருக்கிறது. சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் சங்கக்கார, மஹேல ஆகியோருடன் சேர்ந்து 2011இல் தொடங்கியது. சிங்கப்பூரின் புகழ்பெற்ற மிளகாய் நண்டுக்கு எங்கள் களப்பு (காயல்) நண்டுதான் நெடுங்காலமாகக் கப்பலேறிக்கொண்டிருந்தது. நல்லதெல்லாம் ஏற்றுமதிக்கே போய்விடுகிறதே என்ற ஆதங்கத்தில் பிறந்த கடை. அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் வரை நண்டுக்கு அளவு சொல்லித்தான் விற்பார்கள். இருவருக்கு ஒன்று போதும். மிளகு நண்டு வாங்குங்கள், கூடவே விறகடுப்புப் பாணும் (பிரெட்) கேளுங்கள். கழுத்தில் துணியைக் கட்டிவிடுவார்கள். ஓட்டை உடைத்து, விரலால் சதையை நெம்பி எடுத்து, தட்டில் மிஞ்சிய மிளகுச் சாற்றைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டு முடிக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கை முழுக்கக் குழம்போடு இருப்பவரால் தொலைபேசியைக்கூடத் தொட முடியாது, சீட்டை எங்கே தொடுவது? விலை கடுமையானதுதான். ஆனால் அந்தப் பணம் எங்கே போனது என்று மறுநாள் இருவருக்கும் தெரியும்.

மற்ற இரவுகளுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. வெள்ளவத்தைக்கு வந்தால் யாழ்ப்பாணச் சாப்பாடு கிடைக்கும். ஒடியல் கூழ் எங்கே, எந்த நாளில் வைக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் போட்டு, புளியும் செத்தல் மிளகாயும் கரைத்துக் காய்ச்சுவது. மூக்கிலும் கண்ணிலும் நீர் வரக் குடிக்க வேண்டும். திருச்சியில் உங்களுக்கு இது கிடைப்பது அரிது; இட்லி தோசைக்காக இங்கே வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடைமாற்றிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்து இதே யாழ்ப்பாணக் கறிகளைச் சாப்பிட விரும்பினால் கொள்ளுப்பிட்டி ரேணுகா ஹோட்டலின் பல்மைரா உணவகம் இருக்கிறது. ஒரு பகல் ரீட் அவென்யூவிலுள்ள டச்சுப் பறங்கியர் (ஒல்லாந்தர் வழிவந்தவர்கள்) சங்கத்தில் லம்பிரைஸ் சாப்பிடுங்கள்: இறைச்சிச் சாற்றில் வெந்த சோறும் கறிகளும் வாழையிலையில் பொதிந்து சூடாக்கப்பட்டு வரும். இலையைப் பிரிக்கும்போது எழும் வாசனைக்கே பாதிப் பணம் கொடுக்கலாம்.

காலி முகத்திடலில் இறால் வடையை வெயில் தாழ்ந்த பிறகு சாப்பிடுங்கள். பருப்பு வடையின் மேல் தலையோடு பதித்த இறால். வெங்காயத்தையும் காரச் சாற்றையும் மேலே போட்டுத் தருவார்கள். கூட்டம் நிற்கும் வண்டியைப் பார்த்து வாங்குங்கள். தெற்கு முனையில் 1864 முதல் நிற்கும் காலி முகத்திடல் ஹோட்டலின் கடலோர முற்றத்தில் ஒரு தேநீர் குடித்தால் மாலைப் பொழுது போய்விடும்.

இனிக் கசினோ. பாலிஸ் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில், பெலாஜியோ ஆர். ஏ. டி மெல் மாவத்தையில், மரீனா கொள்ளுப்பிட்டி மரைன் டிரைவில். இவை பழையவை. புதியது கொம்பனித்தெருவில், பேரை வாவிக்கு அருகில் உள்ள சிட்டி ஒஃப் டிரீம்ஸ். இலங்கையின் ஜோன் கீல்ஸ் நிறுவனமும் மக்காவ் கசினோக்களால் புகழ்பெற்ற மெல்கோ நிறுவனமும் சேர்ந்து 2025 ஓகஸ்டில் திறந்தது. கட்டடத்தை வடிவமைத்தவர் எங்கள் நாட்டில் பிறந்த செசில் பல்மண்ட். வெளியே நின்று பார்ப்பதற்கே ஒரு முறை போகலாம். வெளிநாட்டவர்களான உங்களுக்கு வேண்டியது கடவுச்சீட்டு மட்டும். இலங்கைக் குடிமக்களுக்கு நுழைவுத் தீர்வை உண்டு. 2025இல் அதை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தினார்கள். கொழும்பில் உறவினர் இருந்தால் துணைக்கு உள்ளே வரச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். (நாங்கள் இப்போது வாசலோடு திரும்பிவிடுகிறோம். அந்த 100 டொலருக்கு நான்கு பேர் நன்றாகச் சாப்பிடலாம்.)

தங்குவதற்குக் கொள்ளுப்பிட்டிப் பக்கம் வசதி. கசினோ இருக்கும் கட்டடத்திலேயே அறை எடுக்காதீர்கள் என்பேன். தூக்கம் வராத இரவில் லிப்டில் இறங்கினால் மேசை என்பது நல்ல ஏற்பாடு அல்ல. வெளியே வந்து ஓட்டோ பிடிக்க வேண்டுமென்றால் பாதி ஆசை போய்விடும்.

பணத்தைப் பற்றிக் கணக்குப்பிள்ளையாகவே சொல்கிறேன். ரூலட்டில் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். பூச்சியம் ஒன்று மட்டும் இருந்தால் மொத்தம் 37 கட்டங்கள்; விடுதியின் பங்கு (பந்தயப் பணத்தில் சராசரியாகக் கசினோவிடம் தங்கிவிடுவது) 2.7 சதவீதம். இரட்டைப் பூச்சியமும் இருந்தால் 38 கட்டங்கள், பங்கு 5.26 சதவீதம், ஏறக்குறைய இரு மடங்கு. அந்த மேசையில் உட்கார வேண்டாம். ஒற்றைப் பூச்சிய மேசையில் சுற்றுக்கு 1,000 இலங்கை ரூபாய் (சுமார் 300 இந்திய ரூபாய்) சிவப்பிலோ கறுப்பிலோ வைக்கிறார் என்று கொள்வோம். மணிக்கு 40 சுற்று என்றால் 40,000 ரூபாய் புரள்கிறது. அதில் சராசரியாக 1,080 ரூபாய் போகும். மூன்று மணி நேரத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். இது சராசரிதான்; ஒரே மாலையில் பத்தாயிரம் வரலாம், பத்தாயிரத்துக்கு மேல் போகவும் செய்யலாம். ஆகவே ஒரு மாலைக்கு இருபதாயிரம் என்று வைத்து, அதைத் தனிக் கவரில் போட்டு, வங்கி அட்டைகளை அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போங்கள். பக்கரா என்ற சீட்டாட்டத்தில் வங்கியாளர் (பேங்கர்) பக்கம் விடுதியின் பங்கு 1.06 சதவீதம்தான், ஆனால் "டை" (இரு பக்கமும் சமம்) என்ற கட்டத்தில் அது 14 சதவீதத்தைத் தாண்டும். எட்டு மடங்கு தருகிறார்களே என்று மயங்காதீர்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு மேசையில் ஒரு சிறு தடுமாற்றம் வரும். பணத்தை டீலரின் கையில் கொடுக்கக் கூடாது, மேசையில் வைக்க வேண்டும். அவர் தாள்களைக் கேமராவுக்குத் தெரியும்படி விசிறிபோல் பரப்பி எண்ணி, சிறு தட்டையான துண்டால் மேசையிலுள்ள துவாரத்துக்குள் தள்ளிவிடுவார். ரூலட்டில் ஆளுக்கொரு நிறத்தில் சிப் (பணத்துக்குப் பதிலான வட்ட வில்லை) தருவார்கள். அதில் மதிப்பு எழுதியிருக்காது. அந்த நிறத்துக்கு அந்த மேசையில் மட்டும்தான் மதிப்பு. எழும்போது டீலரிடமே கொடுத்து, எண் போட்ட சிப்களாக மாற்றிக்கொண்ட பிறகுதான் காசாளரிடம் போக வேண்டும். மறந்து பையில் போட்டுக்கொண்டு வந்தால் அது வெறும் வட்டத் துண்டு. பந்து சுற்றும்போது படம் எடுக்கவும் வேண்டாம், காவலர் வந்து நிற்பார்.

முகவர்கள் விற்கும் "விமானமும் அறையும் இலவசம்" பயணப் பொதிகளைப் பற்றி: இவற்றில் முதலிலேயே ஒரு பெருந்தொகையைக் கட்டச் சொல்வார்கள். பதிலுக்குக் கிடைப்பது பணமாக மாற்ற முடியாத சிப்கள். அவற்றை மேசையில் ஆடித் தீர்க்க வேண்டும். வென்றால் கிடைப்பதைத்தான் பணமாக்கலாம். ஆடிக் களைத்தேன், மீதியைக் கொடுங்கள் என்று கேட்க வழியில்லை. திருச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பறத்தலுக்கு இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? டிக்கெட்டை நீங்களே எடுத்துவிடுங்கள்.

தேதி பார்க்கும்போது பூரணை நாளைத் தவிருங்கள். போயா என்று நாங்கள் சொல்லும் அந்த நாளில் நாடெங்கும் மது விற்பனை கிடையாது. திருமண நாளுக்கு ஒரு கிளாஸ் ஒயின் என்று அவர் நினைத்திருந்தால் ஏமாற்றமாகிவிடும். உங்களுக்கு அது பெரிதில்லை என்றால் போயாவுக்கே வாருங்கள், வீதிகள் காலியாக இருக்கும்.

நாலு இரவில் இரண்டுக்கு மேல் கசினோவுக்குக் கொடுக்காதீர்கள். மற்ற இரண்டில் ஒன்றில் நள்ளிரவுக் கொத்து ரொட்டிக்குக் கொள்ளுப்பிட்டி பிலாவூஸுக்குப் போங்கள். தகட்டில் கத்தி விழும் சத்தத்தில் நீங்கள் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்காது, ஆனால் அதுவும் நல்லதுதான்.

வென்றால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நம்பிக்கைக்குப் பாராட்டு. செட்டியார் தெருவில் நகைக்கடை வரிசை இருக்கிறது, எங்கள் விருந்தினர்கள் பலரும் ஓடுவது அங்கேதான். ஆனால் நான்கு நாள் பயணி தங்கம் வாங்கிப் போனால் இந்தியச் சுங்கத்தில் தீர்வை கட்ட வேண்டி வரலாம். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புபவர்களுக்குத்தான் நகைச் சலுகை. அதனால் வென்ற பணத்தில் நல்ல தேயிலை வாங்கிக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு நண்டின் அளவை ஒரு படி கூட்டிச் சொல்லுங்கள்.