மங்கலுக்குக் காரணம் லென்ஸ்தானா?

கேள்வி: என்னிடம் கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவும் 150-600 எம்எம் லென்ஸும் இருக்கின்றன. மெரினா விமான சாகசத்தில் 600 எம்எம்-ல் எடுத்த படங்கள் எல்லாம் மங்கல். ஹெலிகாப்டர்கள் கயிறு கட்டித் தொங்கவிட்ட பொம்மை போல நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தில் கார்கள் பார்க்கிங்கில் நிற்பது போல இருக்கின்றன. எல்லாமே 1/2000 விநாடி ஷட்டர் வேகத்தில் எடுத்தவை. லென்ஸில் கோளாறு என்கிறார் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி. அதை எடுத்துக்கொண்டு, மேலே பணம் வாங்கிக்கொண்டு, பழைய 500 எம்எம் எஃப்4 லென்ஸை பில் இல்லாமல் தருகிறாராம். மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் லென்ஸை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

மெரினா நிகழ்ச்சி 2024 அக்டோபர் 6 அன்று காலை 11 மணிக்குத் தொடங்கி மதியம் 1 மணி வரை நடந்தது. அந்த வெயிலில் 5 பேர் உயிரிழந்தார்கள். சுடுமணலுக்கு மேலே காற்று அலையலையாக எழும் நேரம் அது. 600 எம்எம் லென்ஸ் விமானத்தைப் பெரிதாக்குவது போலவே அந்தக் காற்றின் நெளிவையும் பெரிதாக்கிக் காட்டும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் இதைத் தடுக்க முடியாது.

ஒரே தொடரில் எடுத்த பத்துப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிலவற்றில் விமானத்தின் விளிம்பு நெளிந்தும் சிலவற்றில் கூர்மையாகவும் இருந்தால் அது காற்றின் வேலை. ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். பத்தும் ஒரே அளவு மங்கல் என்றால் மட்டும் ஃபோகஸையோ லென்ஸையோ சந்தேகிக்கலாம். அதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். விடிகாலையில், 15 மீட்டர் தள்ளிச் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, முக்காலியில் கேமராவை வைத்து, கை ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு, லென்ஸ் திறப்பை எஃப்8-ல் வைத்து எடுங்கள். எழுத்து தெளிவாக விழுந்தால் லென்ஸ் நலம்.

அதற்கு முன் லென்ஸின் முகப்பில் யூவி ஃபில்டர் (பாதுகாப்புக்கு மாட்டும் கண்ணாடி) இருந்தால் கழற்றுங்கள். இந்த வகை லென்ஸ்களில் சிக்மா கன்டெம்பரரி, டாம்ரான் ஜி2 இரண்டுக்குமே 95 எம்எம் ஃபில்டர். அந்த அளவில் நல்ல கண்ணாடி விலை அதிகம் என்பதால் கடையில் மலிவானதைத் திணித்துவிடுவார்கள். மங்கல் அதனால் வந்தது என்று அப்புறம் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இனி அந்த வியாபாரி. உங்கள் லென்ஸ் ‘சாஃப்ட்’, அதாவது கூர்மை இல்லை, என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு எடுப்பதும், அதையே அடுத்த வாரம் ‘மின்ட் கண்டிஷன்’, புத்தம் புதிது போல, என்று இன்னொருவர் தலையில் கட்டுவதும் இந்தத் தொழிலில் நான் வருஷக்கணக்காகப் பார்க்கும் வித்தை. பில் இல்லாத பொருள் திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பழைய 500 எஃப்4 கிட்டத்தட்ட 4 கிலோ எடை. கையில் பிடித்து விமானத்தைத் துரத்த முடியாது. ஃபோகஸ் மோட்டார் போனால் பழைய மாடலுக்கு உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம். நான் முதலில் வாங்கிய பெரிய லென்ஸ் இப்படித்தான் ஆறே மாதத்தில் நின்றுபோனது. சர்வீஸில் கையை விரித்தார்கள், விற்றவர் போனையே எடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. செகண்ட் ஹேண்ட் வாங்கியே ஆக வேண்டுமென்றால் பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லென்ஸில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து நூல் நூலாகப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். நம் கடற்கரை ஈரத்துக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

கார் விஷயம் எளிது. மணிக்கு 150 கிலோமீட்டரில் சக்கரம் விநாடிக்கு 20 முறைக்கு மேல் சுழல்கிறது. 1/2000-ல் அது 4 டிகிரிதான் திரும்பியிருக்கும், அதனால்தான் நின்ற கார். 1/125-க்கு இறங்குங்கள், ஸ்டெபிலைசரை மோட் 2-ல் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பியபடி எடுப்பதற்கான நிலை) வையுங்கள். கார் உங்களைக் கடக்கும் இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றிக்கொண்டு, தூரத்தில் வரும்போதே அதைப் பிடித்து, இடுப்பைத் திருப்பியபடி கூடவே போங்கள். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. 20 படத்தில் 2 தேறினால் நல்ல நாள். கம்பிவேலி இருந்தால் லென்ஸை அதன் அருகே ஒட்டிப் பிடியுங்கள், கம்பி மறைந்துவிடும்.

ஜெட் விமானத்துக்கு உங்கள் 1/2000 சரியே. வானம் வெளிச்சமாக இருப்பதால் அடிவயிறு கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 2/3 முதல் 1 ஸ்டாப் வரை ஏற்றுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு.

ஹெலிகாப்டருக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். விமானப்படையின் சாரங் சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டரில் மேலே 4 இறக்கைகள். அவை நிமிடத்துக்குச் சுமார் 300 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை சுழல்கின்றன. 1/2000-ல் ஒரு டிகிரிகூட நகராது. படத்தில் 4 தகடுகள் ஒட்டிவைத்தது போல நிற்கும். 1/100-ல் 18 டிகிரி நகரும், சுழல்வது கண்ணுக்குத் தெரியும். முழு வட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு இறக்கை அடுத்ததன் இடம் வரை, கால் சுற்று, போக வேண்டும். அதற்கு 1/20 வேண்டும். 600 எம்எம்-ஐக் கையில் பிடித்து 1/20 என்பது எனக்கே வராது. ஆகவே 300 எம்எம்-க்குக் குறைத்து 1/100-ல் ஆரம்பியுங்கள், கை பழகப் பழக 1/60-க்கு வாருங்கள். 12 படம் எடுக்கும் இடத்தில் 60 எடுங்கள்.

விமானத்தில் பழகத்தான் இங்கே இடமில்லை. அரசு விமான நிலையத்தில் படமெடுக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்ற விதி 1937-லிருந்து வருகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஸ்கிபோல் ஓடுபாதை அருகிலேயே விமானம் பார்ப்பவர்களுக்கென்று இடம் விட்டிருக்கிறார்கள். இங்கே நீண்ட லென்ஸைக் கண்டாலே ‘யார் நீ’ என்பார்கள்; யாரிடம் மனு கொடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். இதை ஒழுங்குபடுத்த ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும், யாரும் போட மாட்டேன் என்கிறார்கள். தாம்பரம், அரக்கோணம், சூலூர் போன்ற படைத் தளங்களின் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.

அதுவரை சென்னை ஓஎம்ஆர் சாலை ஓரம், நடைபாதையில் பத்திரமாக நின்று, 200 எம்எம், 1/60-ல் போகிற பேருந்துகளை எடுங்கள். பேருந்தின் பெயர்ப் பலகையை வாசிக்க முடிகிற அளவுக்கு வந்த பிறகு இருங்காட்டுக்கோட்டைக்குப் போகலாம். செய்தித்தாள் சோதனையில் எழுத்து மங்கலாகவே வந்தால் கேமராவையும் லென்ஸையும் சேர்த்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்கு எடுத்துப் போங்கள். ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.