தம்பி பிறந்த இரவின் நிலவு

கேள்வி: என் தம்பிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் 18 வயது நிறைகிறது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன நான்தான் விழாவை நடத்தப்போகிறேன். கையில் இருப்பது சிறிய தொகை. வரப்போகிறவர்கள் இருபது பேர். பலூன் கட்டி மெழுகுவத்தி ஊதச் சொன்னால் வரவே மாட்டேன் என்கிறான் அவன். கடன் வாங்காமல், புதுமையாக என்ன செய்யலாம்?

பதில்: தம்பி பிறந்தபோது வானத்தில் எந்த நிலவு இருந்ததோ அதையே அவருக்கு மறுபடி காட்டுங்கள். இதற்குச் செலவே கிடையாது. அதோடு, 18 வயதுக்கென்றே அமைந்த விழா இது.

சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறத்தாழப் பழைய அமைப்புக்கே திரும்பிவர 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரம் ஆகிறது. கிரகணங்களை முன்கூட்டியே சொல்லப் பாபிலோனிய வானியலாளர்கள் கண்டறிந்த கணக்கு இது. இன்று சாரோஸ் சுழற்சி என்கிறோம். பிறை மாதந்தோறும் திரும்பி வருவதுதான். ஆனால் அதே பிறை, அதே அளவில், வானத்தில் கிட்டத்தட்ட அதே இடத்தில், அதே பருவத்தில் வருவதற்கு இத்தனை காலம் பிடிக்கிறது.

நாளைக் கணக்கிடுவது எளிது. தம்பி பிறந்ததிலிருந்து 18ஆவது பிறந்தநாள் வரை எத்தனை பிப்ரவரி 29 வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நான்கு என்றால் பிறந்தநாளுக்குப் பிந்தைய 11ஆம் நாள், ஐந்து என்றால் 10ஆம் நாள். அந்த எட்டு மணி நேரம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. பிறந்தநாளன்று வீட்டார் மட்டும் கூடி வாழ்த்திவிட்டு, விழாவை இந்த நாளில் வையுங்கள்.

எத்தனை மணிக்குக் கூடுவது என்பதையும் நிலவே சொல்லிவிடும். பௌர்ணமி நிலவு சூரியன் மறையும் நேரத்தில் எழும். வளர்பிறைப் பாதி நிலவு அந்தி சாயும்போதே உச்சியில் நிற்கும். நள்ளிரவு வாக்கில் மறையும். தேய்பிறைப் பாதி நிலவோ நள்ளிரவில்தான் எழும். தேய்பிறையின் கடைசி நாட்கள் என்றால் விடியற்காலையில் கூடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்த விடியல் விழாதான். கீழ்வானம் வெளுக்கும்போது மெல்லிய கீற்றாக நிலவு நிற்க, போர்வையைப் போர்த்திக்கொண்டு இருபது பேர் மாடியில் உட்கார்ந்திருக்கும் காட்சியை எந்த மண்டபத்தாலும் தர முடியாது.

அமாவாசையை ஒட்டிப் பிறந்தவர் என்றால் வருந்த வேண்டாம். அன்று நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும். திருவோணம் ஏறத்தாழ 17 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று நம் கண்ணை வந்தடையும் அதன் ஒளி, தம்பி தத்தித் தத்தி நடந்த வயதில் அங்கிருந்து கிளம்பியது. ஜூலை முதல் நவம்பர் வரை முன்னிரவிலேயே அதைப் பார்க்கலாம்.

இனி பணத்துக்கு வருவோம். சிறிய பட்ஜெட் பெரும்பாலும் ஆள் எண்ணிக்கையில்தான் உடைகிறது. இருபது முப்பதானால் சாப்பாட்டுச் செலவு ஒன்றரை மடங்காகும். ஆகவே பட்டியலை இருபதோடு நிறுத்துங்கள். இரண்டு சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே கூடினால் சிற்றுண்டியே போதும். பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருங்கள். கடைசி நாளில் ஏதாவது ஒன்று அதைக் கேட்கும். அலங்காரத்துக்கு ஒரு காசும் வேண்டாம், விளக்கை அணைக்கத்தானே போகிறீர்கள்.

மிச்சமாகும் பணத்தில் பைனாகுலர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. 10x50 என்று குறிப்பிட்டிருப்பது போதும். முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கை நடுங்கி நிலவு துள்ளும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பார்த்தால் பள்ளங்கள் நிழலோடு துல்லியமாகத் தெரியும். முழு நிலவில் நிழல் இல்லாததால் எல்லாம் தட்டையாகவே இருக்கும். நட்சத்திரம் பார்ப்பதானால் கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிவிடுங்கள்; கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டு மூடிவிடுங்கள்.

மேகம் மூடிக்கொண்டால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கலாம். நிலவு சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும், அவ்வளவுதான். இந்த மாற்று நாளை அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். தம்பியின் நண்பர்களில் சிலருக்கு இன்னும் 17தான் ஆகியிருக்கும். இரவில் அவர்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்பதை அவரவர் பெற்றோரிடம் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் தரையில்தான் விழா, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பரிசு வாங்கிவர வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். அதற்குப் பதில், ஆளுக்கு ஒரு ஆண்டை ஒதுக்கிக் கொடுங்கள். பிறந்த ஆண்டு அம்மாவுக்கு, பள்ளியில் சேர்ந்த ஆண்டு முதல் நண்பனுக்கு என்று பதினெட்டு ஆண்டுகள். அந்த ஆண்டில் தம்பி செய்த ஒரே ஒரு காரியத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதி வர வேண்டும். "நீ மிகவும் நல்லவன்" என்பதுபோன்ற பொதுப்படையான வாழ்த்துகள் கூடாது. காய்ச்சலோடு போட்டிக்கு ஓடிய நாள், தொலைத்த செருப்பு, பேசாமல் இருந்த ஒரு வாரம் என்று குறிப்பாக இருக்கட்டும். அவரவரே வாசிக்க வேண்டும். கூச்சப்படுகிறவருக்காக நீங்கள் வாசியுங்கள். தம்பிக்கு இது திடீர் அதிர்ச்சியாக வேண்டாம், முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். அந்த வயதில் கூட்டத்தின் நடுவே கண் கலங்குவது எளிதல்ல.

பக்கங்களைப் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். பல பேனா மைகள் வெளிச்சத்தில் மங்கும், பென்சில் எழுத்து மங்காது. இரும்பு கிளிப் துருப்பிடித்துக் கறையாக்கும், பசை நாடா பழுத்து உதிரும். இரண்டையும் தவிர்த்து வெறுமனே மடித்து உறையில் வையுங்கள். உறையின் மேல் அடுத்த தேதியையும் எழுதிவிடுங்கள். இதே கணக்கில், தம்பிக்கு 36 வயது முடிந்து ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து அந்த நிலவு மீண்டும் வரும்.