மலையில் எங்கே கட்டலாம்? கேள்வி பதில்

நீலகிரியில் ஊரமைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து ஒரு தங்கை: ஐயா, 5 சென்ட்டுக்குப் பட்டா இருக்கு. அப்புறம் எதுக்கு ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி?

நிலம் யாருடையது என்பதோடு பட்டாவின் வேலை முடிந்தது, அம்மா. மலையைக் காக்கத்தான் 1990-இல் ஹாக்கா வந்தது; அந்த மண் வீட்டைத் தாங்குமா என்று பார்ப்பதும் அதில் அடக்கம். 2009 நவம்பர் மண்சரிவில் 40 பேருக்கு மேல் போனதை நம் மலை மறக்கவில்லை. கட்டுவதற்கு முன் ஒரு மழைநாளில் போய் நில்லுங்கள். மேல் ரோட்டுத் தண்ணீர் எங்கே இறங்குகிறது? பக்கத்துத் தடுப்புச்சுவரின் துளைகளில் தண்ணீர் வடிகிறதா? துளை அடைத்த சுவர் பின்னால் ஈரத்தைச் சுமந்து சுமந்து, வயிறு புடைத்து, ஒரு ராத்திரியில் சரியும்.

மசினகுடி தம்பி: யானை வழித்தடத்துல இருக்கிற ரிசார்ட்டை மூடினா எங்க வேலை?

சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. அது சரியான தீர்ப்பு. ஆனால் வேலை இழப்பவருக்கு மாற்று வழி சொல்லாத திட்டம் அரைத் திட்டம்தான்.

கூடலூர் அக்கா: நாங்க தாயகம் திரும்பினவங்க. ரிட்டயர் ஆனா தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டைக் காலி பண்ணணும். எங்கே போறது?

எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இது, அக்கா. 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகவே இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்குக் கடைசியில் கிடைப்பது ஓடைக்கரைப் புறம்போக்கு. வரைபடத்தில் அதன் பெயர் ஆக்கிரமிப்பு. உறுதியான மண்ணில், பஸ்ஸும் ரேஷன் கடையும் நடக்கிற தூரத்தில், ஊரின் முழுமைத் திட்டத்திலேயே (மாஸ்டர் பிளான்) தொழிலாளர் வீட்டுமனைக்கு இடம் ஒதுக்க வேண்டும். சரியும் என்று தெரிந்த சரிவில் ஏழையை விட்டுவிட்டு, மழை வந்ததும் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பது பாதுகாப்பே இல்லை.

ஊட்டி மாணவர்: நாங்க என்ன செய்யலாம் சார்?

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும் ஆட்சேபணை, ஆலோசனை கேட்பார்கள். 1971 நகர், ஊரமைப்புச் சட்டம் தந்த உரிமை அது. எழுத்தில் கொடுங்கள். சர்வே எண், ஓடை ஓடும் பாதை, சதுப்பு இருக்கும் இடம் எல்லாம் குறியுங்கள். உங்கள் ஹட்டியின் (படுகர் ஊர்) பெரியவரையும் மந்தில் (தோடர் குடியிருப்பு) இருப்பவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.